உற்றார், உறவினர், லீவுக் கடிதம்

பத்திரிகையில் மரண அறிவித்தல் எடுக்கிற மேசைக்கு விடுமுறை கிடையாது; சனங்கள் பௌர்ணமி விடுமுறையான போயா தினத்திலும் சாகிறார்கள். கொழும்பு கொட்டாஞ்சேனையில் அந்த மேசையில் நாலு வருடம் இருந்தேன். சண்டையால் யாழ்ப்பாணப் பாதை பூட்டிக் கிடந்த காலம். அங்கே நடக்கும் சாவையும் இங்கே வெள்ளவத்தையில் இருக்கும் பிள்ளைகள் எங்களிடம்தான் போடுவார்கள். களைப்பு என்றால் என்னவென்று பத்திரிகை மேசையில் இருந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

படத்தில் இருப்பவர்

முதலில் முகம் போனது. நித்திரையில்லை, சாப்பாடு இறங்கவில்லை. வயது முப்பத்திரண்டுதான். ஒரு காலை சோதனைச் சாவடியில் சிப்பாய் என் அடையாள அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திரும்பவும் அட்டையைப் பார்த்தான். அட்டையும் ஆளும் பொருந்தாவிட்டால் அந்த நாட்களில் நேரே பொலிசுக்குத்தான். கடைசியில் சிங்களத்தில் அன்பாகக் கேட்டான்: "அங்கிள், மகன்ட கார்டை மாறிக் கொண்டுவந்திட்டீங்களா?"

அடுத்தது

பிறகு மனம் போனது. வெள்ளவத்தையிலிருந்து ஓர் ஆசிரியை வந்தார். ஊரில் தாய் இறந்து பத்து நாளுக்குப் பிறகுதான் செய்தி கிடைத்ததாம். பெயர், வயது, கனடா மகன், லண்டன் மகள் எல்லாம் எழுதினேன்; என் வாயில் ஓர் 'அடடா' கூட வரவில்லை. தலை நிமிராமல், "சரி, அடுத்தது?" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு ஒரு அம்மாதான், தம்பி."

நெஞ்சு

அன்று பின்னேரமே நெஞ்சு பிடித்தது. மாரடைப்பு என்றே முடிவு செய்து, என் அறிவித்தலை மனத்துக்குள் எழுதிக்கொண்டே டொக்டரிடம் ஓடினேன். பிரஷர் பார்த்தார், ஈசிஜி எடுத்தார். கடைசியாக எப்போது லீவு எடுத்தேன் என்று கேட்டார்; எனக்கு ஞாபகமில்லை. ஈசிஜி கடதாசியை மடித்தபடி சொன்னார்: "நெஞ்சிலை ஒரு குறையுமில்லை. ஆள்தான் முடிஞ்சுபோச்சு. ரெண்டு கிழமை வீட்டை கிடவும், இல்லாட்டி அடுத்தமுறை உண்மையாவே பிடிக்கும்."

லீவுக் கடிதம்

எங்கள் முகாமையாளர் யாருக்கும் ஒரு நாளுக்கு மேல் லீவு கொடுத்ததில்லை. இருந்தும் கடிதத்தை நீட்டினேன். வாசித்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நெஞ்சு வலி காரணமாக நாளை முதல் இரண்டு கிழமை" என்று ஒழுங்காகத்தான் தொடங்கியிருந்தேன். முடிக்கும்போது கை மரண அறிவித்தலின் வழக்கமான கடைசி வரிக்குப் போய்விட்டது: "இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்."

அவர் சிரித்துச் சிரித்து இருமி, கையெழுத்தும் வைத்தார். "ஏற்றுக்கொண்டம். போய்ப் படும் ஐசே, உம்மட அசல் அறிவித்தலை எழுத எங்களிட்டை வேற ஆளில்லை."

அந்தப் பதினாலு நாளும் நான் இல்லாமலே மரண அறிவித்தல் பக்கம் ஒரு பிழையுமின்றி வந்ததைப் பார்த்து எனக்கு வந்த கோபம்தான், நான் தேறிவிட்டேன் என்பதற்கு முதல் அடையாளம்.