புகைக்குக் கட்டிய காசு

லாண்டரி அக்காவுக்குக் கோபம் வந்தால் அடி வாங்குவது துணிதான். அன்றும் மருத்துவமனை விரிப்பு ஒன்றைக் கல்லில் அறைந்துகொண்டிருந்தாள். மூன்றாவது தடவையாகத் துவைக்கிறாள், நட்டநடுவில் கரும்புள்ளிகள் அப்படியே இருந்தன. எல்லாம் பக்கத்து இரும்பு வார்ப்புப் பட்டறைப் புகையின் உபயம்.

“கிழிஞ்சிடப் போகுது,” என்றார் கணவர், இஸ்திரிப் பெட்டியை விட்டு நகராமலே.

“கிழியட்டும். கரியோட திருப்பி அனுப்புறதுக்கு அது மேல்.”

கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான். இஸ்திரி போடுவதோடு அவர் கடமை முடிந்துவிடும். வாடிக்கை பிடிப்பது, வாங்கிக் கட்டிக்கொள்வது எல்லாம் அவள் தலையில். வீட்டில் அடுப்பெரிவதே அந்த மருத்துவமனை விரிப்புகளால்தான். இன்னொரு முறை புள்ளி தெரிந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று அங்கிருந்த தலைமை நர்ஸ் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்.

இத்தனைக்கும் முன்பு ஓர் ஏற்பாடு இருந்தது. மொட்டை மாடியில் விரிப்பைக் காயப்போட்டதும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, “அண்ணே, வெள்ளை காயுது!” என்று கத்துவாள். பட்டறைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே உலை மூட்டுவதை மதியத்துக்குத் தள்ளிப்போடுவார். மறந்துபோய் மூட்டிவிட்டால் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நிற்பார். அடிக்கடி மறந்தார் என்பதுதான் வினை. ஒருநாள் பொறுமை போய், நேராகச் சுற்றுச்சூழல் அலுவலகத்தில் புகார் கொடுத்துவிட்டாள்.

அதிகாரி வந்தார், புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தார், பட்டறைக்கு மாதாமாதம் புகைக் கட்டணம் என்று எழுதிவிட்டுப் போனார். அக்கா அன்று தெருவில் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தாள். மறுநாள் வழக்கம்போல மாடியிலிருந்து கத்தினாள்.

“காயட்டும்மா, நல்லா காயட்டும்,” என்றார் பட்டறைக்காரர். “அதான் காசு கட்டிட்டேன்ல!”

அந்த முகத்தில் ஒரு பொட்டுக் குற்ற உணர்ச்சியும் இல்லை. கட்டின காசு வீணாகக் கூடாதென்று ஞாயிற்றுக்கிழமையும் உலை மூட்ட ஆரம்பித்தார். தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டோமே என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

கல்லில் கிடந்த விரிப்பையும் அலசி மற்றவற்றோடு கொடியில் போட்டுவிட்டு அதே அலுவலகத்துக்குப் போனாள்.

“சார், அந்தக் கட்டணத்த எடுத்துடுங்க.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். “நீங்கதானேம்மா புகார் கொடுத்தீங்க?”

“நான்தான். முன்னாடி அந்த மனுஷனுக்கு வெக்கமாவது இருந்துச்சு. நீங்க அதுக்கு விலை போட்டு வித்துட்டீங்க.”

“அப்படி இல்லம்மா. கட்டணம் கம்மியாப் போச்சு, அவ்வளவுதான். அடுத்த வருஷம் ஏத்துவோம். கை கடிச்சா அவரே புகைக்கு வடிகட்டி மாட்டிடுவாரு.”

“அடுத்த வருஷம் வரைக்கும் நான் என்ன பண்றது? சரி, அவர் கட்டுற காசு எங்க போகுது?”

“ஊர் முழுக்க மரம் நடுறோம். காத்து எல்லாருக்கும் பொதுதானே?”

“காத்து பொது. கரி மட்டும் எனக்கா?”

அந்த நேரம் பார்த்து அவள் கைப்பேசி அடித்தது. கணவர்.

“மருத்துவமனை வண்டி வந்துச்சு. விரிப்பெல்லாம் அள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க.”

“இன்னும் காயவே இல்லையே!”

“சொன்னேன். பரவால்ல, வேற இடத்துல துவைச்சுக்கிறோம்னு ஈரத்தோடயே எடுத்துட்டுப் போயிட்டாங்க.”