ஸ்கூட்டருக்கு வைத்த பணம்

கருப்பசாமி கஸ்தூரிரங்கனுக்குக் கொடுக்க வேண்டிய கடன் இரண்டாயிரத்து முந்நூறு ரூபாய். எண்பத்து நாலாம் வருஷம் வாங்கியது. இன்றைக்குக் கருப்பசாமியின் பீர் ஆலையில் ஒரு தொட்டி கழுவுகிற தண்ணீருக்கே அதைவிடக் கூட ஆகும். அப்படியும் அந்தக் கடன் நாற்பது வருஷம் அடையாமல் நின்றது. கொடுக்க வக்கில்லாமல் அல்ல. வாங்க வேண்டியவர் கை நீட்டாமல்.

விருதுநகர்ப் பக்கம் ஆறாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு தில்லிக்கு ரயிலேறியவர் கருப்பசாமி. கரோல் பாக்கில் ஒரு தமிழ் மெஸ்ஸில் பாத்திரம் தேய்த்தார். மாடியில் குடியிருந்த சர்க்கார் குமாஸ்தா கஸ்தூரிரங்கன்தான் மாசாமாசம் அவருக்கு மணியார்டர் ஃபாரம் எழுதிக் கொடுப்பார்.

தேய்க்கிற கைக்கு ஒரு யோசனை வந்தது. பீர் ஆலைகள் காலி பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். பழைய சாமான் எடுக்கும் கபாடிக்காரர்களிடம் மொத்தமாக வாங்கிக் கழுவிக் கொடுத்தால் பாட்டிலுக்கு இருபது பைசா நிற்கும். அதற்கு முதல் வேண்டுமே! கஸ்தூரிரங்கன் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டுப் பணம் சேர்த்து வைத்திருந்தார். கருப்பசாமி போய்க் கடன் கேட்டதும், என்ன பாட்டில் என்று கேட்டார். ஆசாரமான வீடு, பீர் என்று சொல்ல நாக்கு எழவில்லை. மருந்து பாட்டில் என்றார் கருப்பசாமி. மறு கேள்வி கேட்காமல் எண்ணிக் கொடுத்தார் மனுஷர்.

அந்தத் தொழிலில் கருப்பசாமிக்கு நிகராக தில்லியில் ஒருத்தன் கிடையாது, அடித்துச் சொல்லலாம். பாட்டில் வாயில் மூக்கை வைத்தால் போதும், எதில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருந்தார்கள், எதில் பினாயில் என்று சொல்லிவிடுவார். மண்ணெண்ணெய் பட்டதை ஏழு தண்ணீரில் கழுவினாலும் வாசம் போகாது, உடைத்துத்தான் போட வேண்டும். அவர் அனுப்பிய லாரியை ஆலைக்காரர்கள் பிரித்துப் பார்க்காமலே இறக்கினார்கள்.

அப்புறம் ஆலைத் தொட்டிகளைக் கழுவுகிற காண்ட்ராக்ட் எடுத்தார். பீர் காய்ச்சுவது என்றால் பத்தில் ஒன்பது பங்கு கழுவுவதுதான். நகக்கண் அழுக்கு போதும், ஒரு தொட்டிச் சரக்கும் புளித்துச் சாக்கடைக்குப் போகும். ஹரியானாவில் மதுவிலக்கு வந்து போனதில் பூட்டிக் கிடந்து நொடித்த ஓர் ஆலையைக் குத்தகைக்குப் பிடித்தார். முதல் இரண்டு மாதம் ஒரு சொட்டுக் காய்ச்சவில்லை, கழுவிக்கொண்டே இருந்தார். பார்த்தவர்களெல்லாம் சிரித்தார்கள். மூன்றாம் மாதம் அதே ஆட்கள் சரக்குக்கு வரிசையில் நின்றார்கள். இன்றைக்கு இரண்டு ஆலை. எம்.பி.ஏ. படித்தவர்கள் நாற்பது பேர் இந்த ஆறாம் வகுப்புக்காரரிடம் சம்பளம் வாங்குகிறார்கள்.

கடன் மட்டும் அடையவில்லை. வாங்கிய ஆறாம் மாதமே பணத்தோடு மாடியேறினார் கருப்பசாமி. சட்டையெல்லாம் பழைய பீர் வாடை. எந்த மருந்துக் கம்பெனிக்குப் பாட்டில் போகிறது என்று கேட்டார் கஸ்தூரிரங்கன். வாயில் வந்த ஒரு பெயரைச் சொன்னார் இவர். அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, வேண்டாம், போ என்றார். பின்னால் ஒரு புது ஸ்கூட்டரையே வாங்கி அனுப்பினார் இவர். கொண்டுபோன ஆளே அதைத் திருப்பி ஓட்டி வந்தான். ரிட்டயர் ஆகிற வரை பஸ்ஸில் தொங்கியே ஆபீஸ் போனார் கஸ்தூரிரங்கன். சாராயக் காசு ஐயங்கார் வீட்டுக்கு ஆகாது, வேறென்ன என்று கருப்பசாமி நம்பினார். அப்படி நம்புவது சௌகரியமாகவும் இருந்தது.

போன மார்கழிப் பனியில் கஸ்தூரிரங்கன் ஜனக்புரி வீட்டு வாசலில் வழுக்கி விழுந்தார். வயது எண்பத்தாறு. தன்னைக் கடன்காரனாகவே விட்டுவிட்டு அவர் போய்விட்டால்? கோடி கோடியாய்ப் புரட்டிய கருப்பசாமிக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். பார்லியை வேகவைத்துச் சாறெடுத்த பிறகு மிஞ்சும் சக்கையை ஆலை எருமைப் பண்ணைகளுக்கு விற்கிறது. அந்தக் காசைத் தனியாகக் கட்டி, பில்லையும் எடுத்துக்கொண்டு ஜனக்புரிக்குப் போனார்.

கஸ்தூரிரங்கன் நாற்காலியில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி வத்சலா மாமி காபி கொண்டுவந்து வைத்தாள்.

"சார், இது பீர் வித்த காசு இல்ல. மாட்டுத் தீவனக் காசு. பில்லப் பாருங்க."

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பில்லில் இருந்த பண்ணையின் பெயரைப் படித்தார். "வத்சலா, நம்ம பால்காரன் எந்த டெய்ரி?"

மாமி வாங்கிப் பார்த்தாள். சிரிப்பு வந்தது. "இதேதான்னா. பன்னண்டு வருஷமா பெருமாளுக்குத் திருக்கண்ணமுது பண்றதே இந்தப் பால்லதான்."

கருப்பசாமிக்கு உச்சி குளிர்ந்தது. "அப்பறம் என்ன சார்? பெருமாளே பாயசமா ஏத்துக்கிட்டாரு."

"பெருமாள் உன்னை என்ன பாட்டில்னு கேக்கலையேடா கருப்பா. நான் கேட்டேன்."

கருப்பசாமி காபி டம்ளரைக் கீழே வைத்தார். "நீங்க சாராயக் காசுன்னுதானே சார் வேண்டாம்னீங்க?"

"நான் எப்போ அப்படிச் சொன்னேன்? பீர் பாட்டில்னு சொல்லியிருந்தா திட்டிண்டே குடுத்திருப்பேன்."

கருப்பசாமி எத்தனை ஆயிரம் பாட்டிலை ஒரே மோப்பத்தில் ஒதுக்கியிருக்கிறார். இந்த ஒன்றை மட்டும் நாற்பது வருஷமாகக் கழுவிக்கொண்டே இருந்திருக்கிறார்.

எழுந்து நின்றார். "பொய் சொன்னேன் சார். அது பீர் பாட்டிலுதான். ரெண்டாந்தடவ கேட்டப்பவும் பொய்தான் சொன்னேன்."

கஸ்தூரிரங்கனின் கம்பளிக்குள்ளிருந்து வலது கை மெதுவாக வெளியே வந்து விரிந்தது.

கருப்பசாமி பணக்கட்டை அப்படியே வைக்கப் போனார். வட்டியும் முதலுமாய் இரண்டு லட்சம்.

"வட்டி வேண்டாம். ஸ்கூட்டர் ஓட்டற வயசு போயிடுத்து. குடுத்ததைக் குடு, எண்ணிக் குடு. எனக்குக் கண் சரியாத் தெரியலை."

பணக்கட்டில் எல்லாம் ஐந்நூறு ரூபாய் நோட்டு. ஒன்றை உருவிச் சில்லறைக்கு மாமியிடம் நீட்டினார் கருப்பசாமி. பால் காசு வைக்கிற டப்பாவிலிருந்து ஐந்து நூறு ரூபாய் நோட்டுகளை எடுத்துக் கொடுத்தாள் மாமி. இரண்டை ஜேபியில் போட்டுக்கொண்டு, அந்த உள்ளங்கையை இடது கையால் தாங்கிப் பிடித்து, வாய்விட்டு எண்ணி வைத்தார். ஐந்நூறு. ஆயிரம். ஆயிரத்து ஐந்நூறு. இரண்டாயிரம். நூறு. இருநூறு. முந்நூறு.