வங்கிக்கு அளவெடுத்த நூல்

என் மகள் புதிதாக ஓர் எடை எந்திரம் வாங்கி வந்திருக்கிறாள். வெறுங்காலோடு ஏறி நின்றால் உடம்பில் கொழுப்பு எவ்வளவு, சதை எவ்வளவு, எலும்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று தனித்தனியாகப் பிரித்துச் சொல்லிவிடுமாம். காலையில் என்னையும் பிடித்து ஏற்றிவிட்டாள். எனக்குக் கொழுப்பு அதிகம் என்று என் மாமியார் அந்தக் காலத்திலேயே சொல்லியாயிற்று, அதற்கு எந்திரம் எதற்கு? எண்களை அவள் வாசித்துக்கொண்டே போனாள். நான் "சரிம்மா, சரிம்மா" என்று இறங்கி வந்து படுத்துக்கொண்டேன்.

உடம்பை அளக்கிறேன் என்று யாராவது கிளம்பினாலே எனக்கு அலுப்பு வந்துவிடுகிறது. எட்டு வயதில், ஒரு சித்திரையிலிருந்து ஆடி வரைக்கும், அந்த வேலையைத்தான் நான் பார்த்தேன். அதையும் தப்பாகப் பார்த்தேன்.

அப்போது திருத்தணியில் மலைக்குப் போகிற படிக்குப் பின்பக்கத் தெருவில் குடியிருந்தோம். நைனாவுக்கு ஸ்டேஷன் பக்கத்தில் விறகு விற்கிற ஒரு தொட்டியில் எடை போடுகிற வேலை. வண்டி வாசலில் நுழையும்போதே இத்தனை மணங்கு என்று சொல்லிவிடுவார். தராசில் ஏற்றிப் பார்த்தால் ஒரு வீசை முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். அந்தப் பெருமை அவருக்கு உண்டு. வீட்டில் நைனா, அம்மா, நான், இன்னும் தாய்ப்பால் மறக்காத தம்பி, அப்புறம் அத்தை. அத்தை நைனாவின் ஒரே தங்கை. அப்பா அம்மா போய்விட்டதால் அவளைக் கரையேற்றுகிற பொறுப்பு நைனா தலையில்தான்.

அத்தை நல்ல களையான பெண். ஆனால் ஒல்லி. அப்படி ஓர் ஒல்லி. இரண்டு இடத்திலிருந்து வந்து பார்த்தார்கள், வடையைத் தின்றார்கள், ஊருக்குப் போய்க் கடுதாசி போடுகிறோம் என்றார்கள். கடுதாசி வரவில்லை. மூன்றாவதாக வந்தவர்கள் அரக்கோணத்துக்காரர்கள். மாப்பிள்ளைக்கு ரயிலில் வேலை. உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம், அரிசிக்குக் கார்டு போட்டு அளந்து கொடுத்தார்கள், அந்த நாளில் ரயில் உத்தியோக மாப்பிள்ளை என்றால் சும்மாவா? இந்த இடமும் தவறினால் நாலாவதாக ஒருத்தரும் படியேற மாட்டார்கள் என்று நைனா அம்மாவிடம் சொன்னதை நானே கேட்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா பெரிய சரீரம், பெரிய குரல். வந்து உட்கார்ந்ததும் மடியிலிருந்து ஒரு துணி முடிப்பை எடுத்து அவிழ்த்தார். உள்ளே ஒரு வங்கி. பணம் போடுகிற வங்கி இல்லை. முழங்கைக்கு மேலே போட்டுக்கொள்கிற தங்க நகை. திருகாணி கிடையாது, அந்தக் காலத்து வேலை, கை வழியாக நுழைத்து மேலே ஏற்ற வேண்டும். அவர்கள் வீட்டுக்கு வருகிற மூத்த மருமகள் முகூர்த்தத்தில் அதைத்தான் போட்டுக்கொள்ள வேண்டுமாம். தாலி ஏறுகிற வரைக்கும் அது முழங்கைக்குக் கீழே இறங்கக் கூடாதாம். இறங்கினால் குடும்பத்துக்கு ஆகாதாம். சரி, தட்டானிடம் கொடுத்துச் சின்னதாக்கலாமே என்றால், அதை மறுபடி நெருப்பில் காட்டக் கூடாதாம். எல்லாவற்றுக்கும் ஒரு 'தாம்' வைத்திருந்தார் அந்த அம்மா.

அத்தை கையில் ஏற்றினார். விட்டதும் அது முழங்கையைத் தாண்டி மணிக்கட்டில் வந்து நின்றது. அந்த அம்மா இரண்டு விரலால் அத்தையின் மேல்கையைக் கிள்ளிப் பார்த்தார்.

"பொண்ணு லட்சணமாத்தான் கீது. கைலதான் ஒண்ணுமே இல்ல. கிள்ளுனா தோலுதான் வருது."

அந்த நேரம் பார்த்து அம்மா மோர் கொண்டுவந்தாள். செம்பைக் கீழே வைத்ததும் வைக்காததுமாக அவள் கையைப் பிடித்து வங்கியை ஏற்றினார் அந்த அம்மா. அது சிக்கென்று மேல்கையில் உட்கார்ந்தது. அங்கேயும் ஒரு கிள்ளு.

"இத பாரு. கெட்டிச் சதை. ஊளைச் சதை இல்ல, வேலை செஞ்சு வந்த சதை. இந்த அளவுக்கு வரட்டும், போதும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துகினு வருவோம், அப்ப போட்டுப் பாத்துக்கலாம்."

அம்மாவுக்கு வெட்கம். பிறந்ததிலிருந்து அவள் வங்கி போட்டவளில்லை. கழற்றிக் கொடுப்பதற்கு முன்னால் கையைத் திருப்பி ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். பிறகு, ஒரு நிமிஷம் இருங்க என்று சொல்லி, மஞ்சள் நூலில் ஒரு முழம் எடுத்து வந்தாள். வங்கியின் உள்பக்கமாக அதைச் சுற்றி, அளவு வந்து சேர்ந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டாள்.

அந்த நூல் என் கைக்கு வந்தது. வெள்ளிக்கிழமை தோறும் அத்தை எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்ததும் அவள் கையில் நூலைச் சுற்றிப் பார்க்க வேண்டும். முடிச்சுக்கும் கைக்கும் நடுவில் எத்தனை விரல் இடைவெளி என்று சொல்ல வேண்டும். முதல் வெள்ளிக்கிழமை என் விரலில் மூன்று. தாலுகா ஆபீசில் வேலை கிடைத்த மாதிரி எனக்கு அப்படி ஒரு மிடுக்கு.

அத்தையின் சாப்பாடு அன்றிலிருந்து மாறியது. உளுந்தங்களி, அதன் நடுவே குழித்து நல்லெண்ணெய், மேலே வெல்லம். ஊறவைத்த வேர்க்கடலை. உழக்குப் பால். கார்டு அரிசியில் எங்களுக்குக் கஞ்சி, அவளுக்குச் சோறு. அவளுக்கானால் அது தண்டனை.

"அண்ணி, தொண்டை வரைக்கும் கீது. போதும் அண்ணி."

"முழுங்கு. ஆடி வரைக்கும்தான். அப்பறம் உன் மாமியா பாடு."

அம்மா அந்தப் பக்கம் திரும்பினால் அத்தை எனக்கு ஒரு உருண்டை களியை நீட்டுவாள். ஒரு நாள் பிடிபட்டு இரண்டு பேருக்கும் குட்டு விழுந்தது. நீ எப்போது சாப்பிடுவாய் என்று அம்மாவைக் கேட்டால், அப்பறம் சாப்பிட்டுக்கறேன், நீ கெளம்பு என்பாள். நான் பள்ளிக்கூடம் போன பிறகு சாப்பிடுவாள் என்று நினைத்துக்கொண்டு போவேன். திரும்பி வரும்போது, சாப்பிட்டு முடித்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன்.

நைனாவுக்கு என் நூல் மேல் நம்பிக்கையில்லை. தொட்டிக்கு வா, பெரிய தராசில் உட்கார்த்திப் பார்த்துவிடலாம் என்று அத்தையைக் கூப்பிட்டார். "நான் இன்னா சவுக்குக் கட்டையா?" என்று அவள் அழ ஆரம்பித்ததும் விட்டுவிட்டார்.

வைகாசியில் இடைவெளி இரண்டரை விரலுக்கு வந்தது. அதோடு நின்றுவிட்டது. நாலு வெள்ளிக்கிழமை அதே இரண்டரை. வெயில் வேறு கொளுத்தியது. சுற்றிப் பார்த்துவிட்டு நான் வாயைத் திறப்பதற்குள் மூன்று பேரும் என் முகத்தையே பார்ப்பார்கள். சொன்னதும் நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தொட்டிக்குப் போய்விடுவார். அத்தை மூலையில் போய் உட்காருவாள். என்னவோ நானே அவள் கையைத் தேய்த்து இளைக்க வைத்த மாதிரி எனக்கு அவமானமாக இருக்கும்.

ஆனியில் ஒரு மத்தியானம். அம்மா தம்பியை அணைத்தபடி தரையில் கண்ணயர்ந்திருந்தாள். பகலில் படுக்கிறவளே இல்லை அவள். கொஞ்ச நாளாக இப்படி. எனக்குப் பொழுது போகவில்லை. நூலை எடுத்து அவள் கையில் சுற்றினேன். தூக்கிவாரிப் போட்டது. அங்கேயும் இரண்டு விரல் இடைவெளி!

உட்கார்ந்து யோசித்தேன். வங்கி அம்மா கையில் சிக்கென்று நின்றதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இந்த அளவுக்கு வரட்டும் என்று அரக்கோணத்தம்மாவே சொன்னார். அப்படியானால் அம்மா கைதான் அளவு. கை தப்பாக இருக்க முடியாது, நூல்தான் தப்பு. கிணற்றுக் கயிறு இழுக்க இழுக்க நீண்டுவிடும் என்று நைனா சொல்லியிருக்கிறார். இந்த நூலையும் வாராவாரம் ஈரக் கையில் இழுத்து இழுத்துச் சுற்றியிருக்கிறோம். நீளாமல் என்ன செய்யும்? அதனால்தான் அத்தை தின்றும் தின்றும் அளவு கிட்டே வரவில்லை. அடப்பாவமே என்று எனக்கு அவள் மேல் இரக்கமே வந்துவிட்டது.

முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தேன். அம்மா கையைச் சுற்றி, நூல் சேர்ந்த இடத்தில் புது முடிச்சுப் போட்டேன். அம்மா பாதிக் கண்ணைத் திறந்தாள்.

"இன்னாடி பண்ற?"

"அளவு பாக்கறம்மா."

"ஆங், பாரு" என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அத்தைக்கு அரை விரல்தான் இடைவெளி. நான் சொன்னதும் வீடே மாறிப்போயிற்று. அம்மா நூலை வாங்கித் தானே ஒரு தரம் சுற்றிப் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. நைனா அன்று சாயங்காலமே மலையேறித் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். அரக்கோணத்துக்குக் கடுதாசி போட்டார். முடிச்சைத் திருத்தியதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒளிக்க வேண்டும் என்றில்லை. ரிப்பேராகிக் கிடந்ததைச் சரிசெய்தால், அதை ஊரைக் கூட்டிச் சொல்வார்களா என்ன?

ஆடிக் கிருத்திகை வந்தது. படி முழுக்கத் தலைகள், தெரு முழுக்கக் காவடி, விடிந்ததிலிருந்து அரோகரா. அரக்கோணத்துக்காரர்கள் பூக்காவடி செலுத்திவிட்டு, மொட்டைத்தலையில் சந்தனத்தோடு உச்சிவேளைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அத்தையின் கையில் வங்கியை ஏற்றினார் அந்த அம்மா. நின்றது. நைனா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. காலில் விழுந்து கும்பிடு என்றாள் அம்மா. அத்தை குனிந்தாள். வங்கி வழுக்கிக்கொண்டு முழங்கைக்கு வந்துவிட்டது.

அம்மா ஓடிப்போய் நூலை எடுத்து வந்து வங்கிக்குள் சுற்றினாள். முடிச்சு வந்து சேரவில்லை. இரண்டு விரல் குறைந்தது.

"இது அந்த வங்கிதானுங்களா?" என்று நைனா கேட்டுவிட்டார். கேட்கலாமா அப்படி?

"இன்னா பேச்சு இது? எங்க மாமியா போட்ட வங்கி! நாங்க இன்னா, மாத்தி எடுத்துகினு வந்து ஏமாத்தறோமா?"

மாப்பிள்ளை எழுந்தே விட்டார். அத்தை சுவரோரமாக ஒடுங்கிக்கொண்டாள். எல்லாம் போயிற்று என்று எனக்கே தெரிந்தது.

"நைனா, நான்தான் நூல சரி பண்ணேன்" என்றேன். "அது நீண்டுகினு போயிடுச்சி. அம்மா கைல வெச்சிப் பாத்தா பெருசா இருந்திச்சி. அம்மா கைதானே அளவு? அதான் அவுத்து, அம்மா கைக்குச் சரியாக் கட்டுனேன்."

சொல்லிவிட்டு அடி விழும் என்று காத்திருந்தேன். அடி விழவில்லை. அந்த அம்மா என்னைப் பார்த்தார், அப்புறம் அம்மாவைப் பார்த்தார்.

"இங்க வாம்மா" என்றார். குரல் அவ்வளவு சின்னதாக அவருக்கு வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அம்மா புடவைத் தலைப்பை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள். "எனக்கு எதுக்குங்க" என்றாள். அவர் விடவில்லை. கையைப் பிடித்து இழுத்து வங்கியை மேலே ஏற்றிவிட்டார். அது முழங்கையில்கூட நிற்கவில்லை. நேராக மணிக்கட்டுக்கு வந்து, அங்கேயும் நில்லாமல் நழுவப் போனது. அம்மா விரல்களை மடக்கிக்கொண்டதால் கீழே விழாமல் தப்பித்தது. அந்த அம்மா பழையபடி இரண்டு விரலால் அவள் மேல்கையைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய இடத்தை உள்ளங்கையால் தடவிவிட்டார்.

நைனா அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி வாசலில் நுழையும்போது பார்ப்பாரே, அந்தப் பார்வை. எத்தனை மணங்கு என்று சொல்லவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஆவணில முகூர்த்தம் வெச்சிக்கலாம்" என்றார் அந்த அம்மா, யாரையும் பார்க்காமல். "இத நான் பத்தர்கிட்ட குடுத்து, பொண்ணு கைக்குச் சின்னதாக்கிக்கறேன்."

நெருப்பில் காட்டக் கூடாது என்றாரே, அது என்ன ஆயிற்று? கல்யாணம் நிச்சயமாகிவிட்டதே, எதற்காக ஒருத்தரும் சிரிக்கவில்லை? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அம்மாவின் விரல்களில் தொங்கிக்கொண்டிருந்த வங்கியையே பார்த்துக்கொண்டு நின்றேன். சட்டென்று விளங்கிவிட்டது.

"நைனா, இந்த வங்கியும் நீண்டுடுச்சி! நூலு மாதிரியே!"

அத்தை ஓடி வந்து என்னை இழுத்து அணைத்து, உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினாள். என்னைச் சுற்றியிருந்த அவள் கை மெத்தென்று சதைப்பிடிப்பாக இருந்தது. அவள் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். சரியாகத்தானே சொன்னேன், இதற்குப் போய் எதற்காக அழுகிறாள் என்று எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது.