காதடைக்க அடித்த கெட்டிமேளம்

இங்கே லெஸ்டரில் பஸ்ஸில் தும்மினால் முன்பின் தெரியாதவர்கூட 'பிளெஸ் யூ' என்று வாழ்த்துகிறார். காஞ்சிபுரத்திலோ, நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது ஒற்றைத் தும்மல் விழுந்தால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்புவோம். வந்த புதிதில் ஆங்கில வகுப்பில் 'டெஃபனிங்லி' என்ற சொல்லுக்கு வாக்கியம் எழுதச் சொன்னார்கள். காது செவிடாகும்படி என்று பொருளாம். 'என் கல்யாணத்தில் மேளம் டெஃபனிங்லி அடித்தார்கள், எல்லோருக்கும் சந்தோஷம்' என்று எழுதினேன். ஆசிரியை சந்தோஷத்தை அடித்துவிட்டு 'தொந்தரவு' என்று திருத்தினார். அது பெரும்பாலும் புகார் சொல்லும் சொல்லாம். எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் 'காதடைக்க அடிச்சாங்க' என்றால் அதில் பாதி பெருமை அல்லவா!

பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்துக்கு மேலே குரல் கொடுத்தே பேசிப் பழகியவள் நான். என் கழுத்தில் தாலி ஏறிய நேரம் ஒரு கைக்குழந்தை வீறிட்டது. மாகறல் சித்தப்பா அடுக்கடுக்காகத் தும்மினார். அதெல்லாம் பிறகு வீடியோவில் முகங்களைப் பார்த்துத்தான் தெரிந்தது. கெட்டிமேளம் அத்தனையையும் விழுங்கியிருந்தது. அழுகையோ தும்மலோ அமங்கலச் சொல்லோ அந்த நேரத்தில் காதில் விழக்கூடாது என்றுதானே அடிப்பது.

போன கோடையில் என் மகள் செல்விக்கு இங்கே கல்யாணம். மண்டபத்து மேலாளர் அம்மா சுவரில் ஒரு பெட்டியைக் காட்டினார். சத்தம் அளவு மீறினால் சிவப்பு விளக்கு எரியும். அதற்கும் அடங்காவிட்டால் மின்சாரம் தானாக நின்றுவிடும். தும்மல் கேட்கக்கூடாது என்பதற்காகத்தான் மேளம் என்று விளக்கினேன்.

"யாராவது தும்மினால் நாங்கள் எல்லோரும் பிளெஸ் யூ சொல்லிவிடுகிறோம், கவலைப்படாதீர்கள்" என்றார். உதவுவதாகவே நினைத்தார், பாவம்.

"கொஞ்சம் மெதுவா அடிக்கச் சொல்லலாம்மா" என்று என் கணவரும் இழுத்தார்.

"இன்னா பேசுறீங்க? மெதுவா அடிச்சா அது கெட்டிமேளமா? கரண்ட் போனா போவட்டும். தாலி கட்டக் கரண்ட் எதுக்கு?"

செல்வியைச் சின்ன வயதில் வளர்த்தவள் என் அக்கா. முகூர்த்தப் புடவையும் அவள் நெய்ததுதான். விசா கிடைக்காததால் காஞ்சிபுரத்தில் சொந்தபந்தங்களோடு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். இங்கிருந்து நேரலையில் படம் போய்க்கொண்டிருந்தது.

நான் கையை ஆட்டினேன். தவில்காரர்கள் காதடைக்க அடித்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது, முதல் முடிச்சு விழுவதற்குள் கரண்ட் போனது. மேளம் ஓயவில்லை, ஜன்னல் வெளிச்சத்தில் மூன்று முடிச்சும் விழுந்தன. ஜெயித்துவிட்டேன் என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது. திரும்பினால், வைஃபை பெட்டியும் அணைந்து கிடக்கிறது. அக்கா வீட்டு டிவியிலும் படம் நின்றிருக்கும்.

ஓரமாக ஓடிப்போய் செல்போனில் கூப்பிட்டேன். "அக்கா, தாலி கட்டுனதப் பாத்தியா?"

"எங்கடி? மேளம் கேட்டுச்சு, டக்குனு எல்லாம் நின்னுபோச்சு."

"ஐயோ அக்கா, என்னாலதான்..."

"அழாதடி. பாதியில மேளம் நின்னா கொழந்தைக்கு ஆவாதேன்னு நாங்க எடுத்துக்கினோம். தட்டு, அண்டா, எது கையில கெடச்சுதோ அது. உன் மாமா அடிச்ச அடியில தாம்பாளமே நசுங்கிப்போச்சு. எப்ப முடிஞ்சுதுன்னு எங்களுக்கு யாரு சொல்றது? இன்னும் அடிச்சிக்கினுதான் இருக்கறாங்க, கேளு."

போனை அந்தப் பக்கம் நீட்டினாள். ஒரு காதில் தவில், மறு காதில் தாம்பாளம். தாலி ஏறியாகிவிட்டது, நிறுத்தலாம் என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

"இன்னும் கொஞ்சம் அடிங்கக்கா" என்றேன்.