முதலாமிடம் பார்த்த நடுவர்

அறுபதுகளின் தொடக்கத்தில் அக்கராயன் பக்கத்தில் ஒரு குடியேற்றத் திட்டப் பள்ளிக்கூடத்தில் இரண்டரை வருடம் படிப்பித்தேன். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. தீவுப்பகுதிக் கரையோரத்தில் பிறந்தவள். அந்தப் பள்ளிக்கூடத்தில் பெண் ஆசிரியர் நான் ஒருத்திதான். அந்த ஊரில் கிறிஸ்தவ வேதக்காரியும் நான் ஒருத்திதான். பள்ளிக்கூட வளவுக்குள்ளேயே இரண்டு அறையுள்ள ஆசிரியர் வீட்டில் தனியாக இருந்தேன்.

தனிமை முதலில் அவ்வளவாகத் தெரியவில்லை. பின்னேரங்களில் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். கிணற்றில் தண்ணீர் அள்ளித் தருவார்கள். தாய்மார் கத்தரிக்காயும் பயற்றங்காயும் கொடுத்துவிடுவார்கள். இருட்டும் வரை முற்றத்தில் ஆட்கள் இருந்தபடிதான். பெண்பிள்ளைகளுக்கு ஓட்டம் பழக்கத் தொடங்கியதும் அந்தக் கூட்டத்தில்தான்.

அதில் ஒருத்தி ஒன்பதாம் வகுப்பு. உயரமான, அதிகம் பேசாத பிள்ளை. தகப்பனோடு வயலில் வேலை செய்கிறவள். ஓடும்போது தலை அசையாது. கால் மட்டும் போய்க்கொண்டிருக்கும். பாவாடை தடக்குகிறது என்று, ஓடுவதற்கு வசதியாக அவளுக்கு ஒரு நீலத் துணியில் அகலமான காற்சட்டை தைத்துக் கொடுத்தேன். தாய் முதலில் தயங்கினா. பிறகு, "ரீச்சர் சொன்னாச் சரிதான்" என்று விட்டுவிட்டா.

வட்டாரப் போட்டி பரந்தனில் நடந்தது. அந்த வருடம் ஒரு புது விதி வந்திருந்தது. முந்திய வருடம் ஒரு பள்ளிக்கூடத்தார் தொடக்கக் கோட்டில் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்தார்கள். அதைப் பார்த்த இன்னொரு பள்ளிக்கூடத்தார், தங்கள் பெடியன் வென்றதும் மைதானத்தின் நடுவில் முழங்காலில் நின்று செபப்பாட்டுப் பாடினார்கள். இரண்டு பக்கத்துக்கும் வாய்த்தர்க்கம் வந்து, கடைசியில் கல்லெறியில் முடிந்தது. அதனால் தலைமையாசிரியர்கள் எல்லோரும் கூடி ஒரு தீர்மானம் எடுத்தார்கள். ஓடுகிற இடத்தில் எந்தச் சமயத்தின் அடையாளமும் வணக்கமும் கூடாது. வென்றவர் ஆரவாரம் செய்யக் கூடாது. பெயர் எழுதி முடியும் வரை கையைக் கீழே விட்டுக்கொண்டு நிற்க வேண்டும். மீறினால் இடம் போய்விடும்.

எனக்கு அந்த விதி பிடித்திருந்தது. ஒவ்வொரு காலையும் பள்ளிக்கூடத் தேவாரத்துக்கு நடுவில் வாய் திறக்காமல் நின்றவள் நான். ஓரிடத்திலாவது எல்லோரும் சும்மா நிற்கட்டும் என்று நினைத்தேன்.

அன்று உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு விடியவே போய்விட்டோம். பெண்பிள்ளைகளின் ஓட்டத்துக்குப் பெண் நடுவர்கள் போதவில்லை. என்னை முடிவுக் கோட்டில், முதலாமிடம் பார்க்கும் மர வாங்கின் மேல் ஏற்றிவிட்டார்கள். "என்ரை பள்ளிக்கூடப் பிள்ளையும் ஓடுது" என்று சொல்லிப் பார்த்தேன். "உங்களை நம்பாமல் ஆரை நம்புறது ரீச்சர்?" என்றார் போட்டியை நடத்திய தலைமையாசிரியர்.

நூறு யார்த் தூர ஓட்டம். விசில் ஊதினார்கள். பாதித் தூரத்திலேயே அவள் மற்றவர்களை விட்டுவிட்டாள். நூலை நெஞ்சால் அறுத்துக்கொண்டு என் வாங்கைத் தாண்டிப் போய் நின்றாள். மூச்சு வாங்கக் குனிந்தாள். குனிந்தவள் விரல் நுனியால் மண்ணைத் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள்.

ஒரு கண்வெட்டும் நேரம்தான். இரண்டாவதாக வந்த பிள்ளையின் மாஸ்டர் பக்கத்தில் நின்றார்.

"ரீச்சர், கண்டனீங்கள்தானே?"

நான் வாங்கிலிருந்து இறங்கினேன். தலைமையாசிரியரும் மற்ற நடுவர்களும் வந்துவிட்டார்கள்.

"கண்டனீங்களோ இல்லையோ? அதை மட்டும் சொல்லுங்கோ" என்றார் அந்த மாஸ்டர் திரும்பவும்.

என் பள்ளிக்கூடப் பிள்ளை என்றபடியால் மறைத்தேன் என்று பேர் வரக்கூடாது என்று நினைத்தேன். நேர்மையானவள் என்று அத்தனை பேர் பார்க்கப்போகிறார்கள் என்ற எண்ணமும் எங்கோ இருந்தது. அதை இன்று ஒளிக்க விரும்பவில்லை.

"ஓம், கண்டனான்" என்றேன்.

முதலாமிடம் போனது. அவள் அழவில்லை. "நான் என்ன பிழை செய்தனான் ரீச்சர்?" என்று மட்டும் கேட்டாள். விதியைச் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போய்ப் பிள்ளைகளோடு இருந்தாள்.

திரும்பி வரும்போது பெட்டியில் எல்லாப் பிள்ளைகளும் பின் பக்கம் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். முன் பக்கத்தில் நான் தனியாக, சுற்றிவர இடம் இருக்க, பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

ஊரில் யாரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். பின்னேரம் பிள்ளைகள் வருவது நின்றது. முதல்நாள் மழைக்குணம் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் வீட்டில் வேலை இருக்கும் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் நானே வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். கடையில் சாமான் வாங்கப் போனால், அதுவரை கதைத்துக்கொண்டு நின்ற பெண்கள் மரியாதையாக விலகி, "ரீச்சர் முதல்லை வாங்குங்கோ" என்பார்கள். வாங்கிக்கொண்டு திரும்பி நடக்கும் வரை ஒரு சத்தமும் வராது. வேதக்காரி என்றபடியால்தான் சாமி கும்பிட்ட பிள்ளையை விழுத்தினா என்று ஊரில் கதை இருப்பதாக, எங்கள் பள்ளிக்கூட மாஸ்டர் ஒருவர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகள்தான் மோசம். மழை வெள்ளம் பாதையை அறுத்துப் பஸ் வராத நாட்களில் வேதக் கோவிலுக்கும் போக முடியாது. அறைக்குள் இருந்து செபமாலை சொல்வேன். என் குரல் எனக்கே உரத்துக் கேட்கும்.

மூன்று கிழமை கழிந்து ஒரு பின்னேரம் அந்தப் பிள்ளை வந்தாள். நீலக் காற்சட்டையைத் தோய்த்து மடித்துக் கொண்டுவந்திருந்தாள்.

"அம்மா இதைக் குடுத்துவிட்டவா."

"அது உனக்குத் தைச்சது. வைச்சிரு."

"இல்லை ரீச்சர்." கதிரையில் வைத்தாள். வாசல் வரை போய் நின்றாள். "நீங்களும் செய்தனீங்கள்."

"என்ன?"

"நான் கோட்டிலை நிண்டு பாக்கேக்கை நீங்கள் வாங்கிலை ஏறி நிண்டனீங்கள். வெள்ளைச் சீலை, வடிவாத் தெரிஞ்சது. நெத்தியிலை, நெஞ்சிலை, ரண்டு தோளிலை கை வைச்சனீங்கள்."

அவள் சொன்ன பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. விசிலுக்கு முன் சிலுவை அடையாளம் போட்டிருந்தேன். சின்ன வயதிலிருந்து, சோதனைக்கு, பஸ் ஏறுவதற்கு, எதற்கும் போடுகிற கை. எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது.

"அதை நீ ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை?"

"எனக்காகத்தானே போட்டனீங்கள்" என்றாள். பிறகு, "நான் சாமியைக் கும்பிடேல்லை ரீச்சர். வயலுக்கை இறங்கினாலும் ஏறினாலும் தொடுறனாங்கள். அதுதான்" என்றுவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் அரைநாள் லீவு போட்டு, போட்டியை நடத்திய தலைமையாசிரியரிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். விதியை மீறியவள் நானும்தான், அவளுடைய இடத்தைத் திருப்பிக் கொடுங்கோ என்று கேட்டேன். அவர் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். நல்ல மனிதர்.

"விதி ஓடுற பிள்ளையளுக்குத்தான் ரீச்சர். பாக்கிற ஆக்களுக்கில்லை. எழுதினதை இனி மாத்தினால் மற்றப் பள்ளிக்கூடம் விடுமே? மனதைப் போட்டு வருத்தாதேங்கோ."

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை, தேவாரம் முடிந்ததும், முழுப் பள்ளிக்கூடத்துக்கும் முன்னால் போய் நின்று சொன்னேன். நான் செய்ததையும், அவள் செய்ததையும், அவள் ஒருவருக்கும் சொல்லாமல் இருந்ததையும். பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் தன் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டாள். அவளை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அது அவளுக்கு இன்னும் கூச்சமாக இருந்திருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் தலைமையாசிரியருக்குக் கோபம். "இதை ஏன் கிளறினீங்கள்? ஆறிப்போற நேரம்" என்றார். அதன் பிறகு அவரும் வேலை விஷயம் தவிர என்னோடு கதைப்பதில்லை. ஊரில் கொஞ்சம் இளகியது. இரண்டு சின்னப் பிள்ளைகள் தண்ணீர் அள்ள வந்தார்கள். ஒருநாள் வாசலில் ஒரு பூசணிக்காய் இருந்தது. யார் வைத்தது என்று தெரியாது. ஆனால் இருட்டும் வரை முற்றத்தில் இருந்து கதைத்த கூட்டம் பிறகு வரவேயில்லை. வரச்சொல்லிக் கூப்பிட எனக்கும் வாய் வரவில்லை.

அடுத்த வருடப் போட்டியில் நடுவராக நிற்க மறுத்துவிட்டேன். கயிற்றுக்கு வெளியே சனத்தோடு நின்றேன். அவள் பாவாடையோடுதான் ஓடினாள். இரண்டாவதாக வந்தாள். ஓடி முடித்ததும் குனியவில்லை. மூச்சு இறைக்க இறைக்க நிமிர்ந்து நின்று, கையிரண்டையும் பாவாடையோடு ஒட்டவைத்துக்கொண்டு, பெயர் எழுதுகிறவர் வரும் வரை அப்படியே நின்றாள். சின்னப் பிள்ளைகள் கூப்பிட்டும் திரும்பவில்லை. பெயர் எழுதி முடிந்த பிறகும் கை அசையவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு மனிதர், "நல்ல ஒழுக்கமான பிள்ளை" என்றார். நான் கயிற்றுக்குள்ளே போய் அவளுக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாம். போகவில்லை.

மாற்றம் கேட்டு எழுதினேன். ஆறு மாதத்தில் கிடைத்தது. போகிற நாளில் அறுவடை நேரம். பாதிப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் வரவில்லை. அவளும் வரவில்லை. என் உடுப்புப் பெட்டியை ஒரு மாஸ்டர் சைக்கிளில் கட்டி றோட்டடி வரை கொண்டுவந்து தந்துவிட்டு, பாடம் இருக்கிறது என்று திரும்பிப் போனார். இரு பக்கமும் வயலில் ஆட்கள் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த முதுகுகளில் எது அவளுடையது என்று தெரியவில்லை. பஸ் வர ஒரு மணித்தியாலம் பிந்தியது.