தங்கராசா வெட்டிய நான்காவது குழி

தங்கராசாவின் கை பட்டால் தண்ணீர் வரும். குருக்கள்மடத்திலிருந்து களுதாவளை வரைக்கும் முப்பது வருடமாகக் கிணறு வெட்டியவர், ஒன்றுகூடப் பொய்த்ததில்லை. அந்தக் கைராசியைப் புகழ்ந்த அதே ஊர் தொண்ணூறுகளில் அவரைத் திட்டவும் தொடங்கியது. அப்போது எல்லோருக்கும் தேவைப்பட்டது கிணறு அல்ல, செல்லடிக்குப் பதுங்கும் பங்கர்.

இராணுவ முகாமிலிருந்து கிளம்பும் செல் குண்டுகள் வாவிக்கு மேலால் அக்கரையிலுள்ள படுவான்கரைக்குப் போகவேண்டியவை. சில, போக மனமில்லாமல் வழியிலேயே விழுந்துவிடும். அதனால் வீட்டுக்கொரு பங்கர் வேண்டியிருந்தது. தங்கராசா வெட்டிய பங்கர்களில் பாதி, நாலடி இறங்குவதற்குள் கிணறாகிவிட்டன. தன் வீட்டு வளவிலும் மூன்று வெட்டினார், மூன்றிலும் நல்ல தண்ணீர். செல்லுக்குத் தப்பி ஓடிவந்த மனைவி கண்ணகை, முழங்கால் நோவோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றாள்.

தன் வீடு என்று சொன்னது பிழை. மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குப் போவது, ஆண் அங்கே வந்து சேர்ந்தவன். தங்கராசா அந்த வளவுக்குக் கொண்டுவந்தது மண்வெட்டியும் அலவாங்கும் ஒரு கயிறும்தான்.

நான்காவது குழியைப் பின்பக்க மணல்மேட்டில் வெட்டினார். ஆறடி இறங்கியும் மண் காய்ந்தே கிடந்தது! மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. மேலே போட மரக்குற்றி வேண்டும். கண்ணகை சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவளுடைய தாய் நட்ட இரண்டு தென்னைகளைத் தறித்து, குற்றிகளை வரிசையாகப் போட்டு, மண்மூட்டை அடுக்கி, அவள் வந்ததும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.

கண்ணகை பங்கரைப் பார்க்கவில்லை. அடிக்கட்டைகள் இரண்டையும்தான் பார்த்தாள்.

"இதுக்குள்ள நான் ஒரு நாளும் இறங்கமாட்டன்" என்றாள். அதோடு பேச்சு நின்றது.

எட்டு மாதம் கழித்து ஒருநாள் வாய் திறந்தாள். "நாம பிரிஞ்சிருவம்." பேசிவிட்டாளே என்று தங்கராசா முதலில் சந்தோசப்பட்டார். என்ன பேசினாள் என்பது பிறகுதான் விளங்கியது.

கோடு என்கிற நீதிமன்றம் இருப்பது பட்டினத்தில். ஐந்து சோதனைச்சாவடியில் இறங்கி ஏறி, அடையாள அட்டை காட்டி அங்கே போய்ச் சேர்ந்தாலும், ஊரடங்கு என்று வழக்கைத் தள்ளி வைப்பார்கள். ஆகவே இருவரும் கதிர்காமத்தம்பி ஐயாவிடம் போனார்கள். கல்முனையில் ஒரு பிரக்கிராசி வக்கீலிடம் நாற்பது வருடம் கிளாக்கராக இருந்தவர் அவர். பிரிகிறவர்களைச் சண்டையில்லாமல் பிரித்து வைப்பதில் கெட்டிக்காரர்.

"கோட்டுக்குப் போனா முதல்ல பசு போகும், பிறகு சைக்கிள் போகும், கடைசியா நீங்க ரெண்டு பேரும் நடந்து வருவீங்க" என்றார். "இஞ்ச சத்தம் போடக்கூடாது. முதல்ல இரிக்கிறதப் பிரிப்பம். பிறகு இன்னும் பத்து வருசத்துக்கு யார் எப்படிச் சீவிக்கிற எண்டு யோசிப்பம். அதுக்குப் பிறகு கையெழுத்து."

வீடும் வளவும் கண்ணகைக்கு, அதில் பேச்சே இல்லை. பசுவும் அவளுக்கு. சைக்கிள் அவருக்கு. வட்டையில் சேர்ந்து வாங்கிய ஒரு ஏக்கர் வயலில் விளைச்சல் பாதிக்குப் பாதி.

"அவட முழங்கால் மருந்துக்கு என்ட பாதியில எடுங்க ஐயா" என்றார் தங்கராசா.

"றேடியோ?"

"அவருக்குக் குடுங்க. செய்தி கேக்காட்டி அவருக்குச் சோறு இறங்காது."

"வேணாம் ஐயா, தனிய இருக்கப்போற மனிசி. பாட்டாவது கேக்கட்டும்."

கதிர்காமத்தம்பி மூக்குக்கண்ணாடிக்கு மேலால் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, பங்கர்?"

"அவ பேருக்கு எழுதுங்க" என்றார் தங்கராசா அவசரமாக. அவருக்கு இருந்தது ஒரே ஒரு பயம். தான் போன பிறகு ஓட்டுக்கூரைமேல் ஒரு செல் விழுந்தால் அவள் என்ன செய்வாள்?

"எனக்கு வேணாம். என்ட அம்மாட மரத்தத் தின்ட குழி" என்றாள் கண்ணகை.

"செல் அடிக்கிற நேரம் நீ எங்க புள்ள போற?"

"கட்டிலுக்குக் கீழ."

"தங்கராசா, நீ?"

தங்கராசா தலையைச் சொறிந்தார். "நானும் கட்டிலுக்குக் கீழதான் ஐயா. அவ தலைமாட்டுப் பக்கம், நான் கால்மாட்டுப் பக்கம்."

"காய்ஞ்ச பங்கர் ஒண்டு சும்மா கிடக்க?"

"அவ வராம நான் மட்டும் எப்படி ஐயா போற?"

கதிர்காமத்தம்பி பேனையை மூடினார். அந்த நேரம் பார்த்துச் செல் கூவியது. மூவரும் ஐயா வீட்டுப் பின்வளவுப் பங்கருக்கு ஓடிக் குதித்தார்கள், தண்ணீர் இடுப்புக்கு வந்தது. அதுவும் தங்கராசா வெட்டியதுதான். ஐயா கடுதாசியை இரண்டு கையாலும் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார். அடுத்த செல் கிட்ட விழ, அவர் குனிந்த வேகத்தில் கடுதாசி தண்ணீருக்குள் போனது. பசுவும் சைக்கிளும் றேடியோவும் நீல மையாகக் கரைந்தன.

"கூலி வேற வாங்கின நீ" என்றார் ஐயா, பல் கிடுகிடுக்க.

கண்ணகைக்கு அடக்கமுடியாத சிரிப்பு வந்தது. சிரித்து முடித்து, முழங்காலைத் தடவிக்கொண்டு சொன்னாள்: "ஐயா, அந்தக் காய்ஞ்ச பங்கர என்ட பேருக்கே எழுதுங்க."

"வியாழக்கிழமை புதுக் கடுதாசியோட வாங்க" என்றார் ஐயா.

சத்தம் ஓய்ந்து வெளிக்கிடும்போது கண்ணகை சைக்கிளருகே நின்றாள். "இப்ப இது உங்கட சைக்கிள். ஏறலாமா?" தங்கராசா கரியரைத் துடைத்துவிட்டார்.

வீட்டுப் படலையைத் திறக்கவும் மறுபடி செல் கூவவும் சரியாக இருந்தது. கண்ணகை கட்டிலுக்குப் போகவில்லை. நேரே மணல்மேட்டுக்குப் போய் இறங்கினாள். தங்கராசா பங்கர் வாசலிலேயே நின்றார். அது இப்போது அவளுடைய பங்கர், அவரை யாரும் வரச்சொல்லவில்லை.

"என்னத்தப் பாத்துக்கொண்டு நிக்கிறீங்க? ஐயா வந்து எழுதித் தரணுமா? இறங்குங்க!"

விழுந்தடித்துக்கொண்டு இறங்கினார். காலில் ஏதோ உருண்டது. இரண்டு தேங்காய்கள், ஒரு சாண் வெளிறிய முளையோடு.

"அந்த மரத்துக் கடைசித் தேங்காய்" என்றாள் கண்ணகை. "நீங்க தறிச்ச அண்டைக்கே வெச்சன்."

"இறங்கமாட்டன் எண்டு சொன்னியே?"

"நான் எங்க இறங்கின? வாசல்ல நிண்டு உருட்டிவிட்டன்."

"ஏன் இதுக்குள்ள?"

"வேற எங்க வைக்கிற? இந்த வளவில பத்திரமான இடம் இது ஒண்டுதானே."

முப்பது வருடத்தில் எத்தனையோ பேர் அவருடைய வேலையைப் புகழ்ந்திருக்கிறார்கள். ஒருவரும் இப்படிப் புகழ்ந்ததில்லை. தங்கராசா ஒரு தேங்காயை எடுத்து மண்ணைத் தட்டினார்.

"வியாழக்கிழமை ஐயா வரச்சொன்னவர்" என்றார்.

"வியாழக்கிழமை ரெண்டு தென்னங்குழி வெட்டித் தாங்க" என்றாள் கண்ணகை. "அதுக்குள்ள தண்ணி வந்தா ஏசமாட்டன்."