பொட்டு வைத்த டிஸ்க்

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து ஒரகடம் ஆலைக்குள் நுழைந்தால் எங்கும் சந்தன வாசனை. என் பொறுப்பிலிருந்த கம்ப்யூட்டருக்கும் பட்டையாகப் பூசியிருந்தார்கள். லைனில் வரும் கார்க் கதவுக் கீல்களில் விரிசல் இருக்கிறதா என்று கேமரா வழியாகப் பார்த்துச் சொல்லும் லினக்ஸ் பெட்டி அது. நல்ல கீல் எது, கெட்டது எது என்று மாதக்கணக்கில் படம் காட்டி அதைப் பழக்கியவள் நான்.

சுவிட்சைப் போட்டேன். ஒழுங்காகத்தான் எழுந்தது. ஆனால் நான் காட்டிப் பழக்கிய படம் ஒன்றுகூட இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. டிஸ்க் கெட்டிருந்தால் பெட்டி எழுந்திருக்கவே கூடாதே?

"இத்த யாராச்சும் தொட்டீங்களா?" என்று லைன் ஆபரேட்டரிடம் கேட்டேன்.

"உள்ள ஒரே தூசிக்கா. ரெண்டு டிஸ்க்கையும் கழட்டித் தொடச்சி, பொட்டு வச்சி மாட்டிட்டோம்" என்றாள் பெருமையாக. மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"இப்ப கீறத மொதல்ல பேக்கப் எடும்மா. மத்தத அப்பறம் பாக்கலாம்" என்றார் சூப்பர்வைசர். நியாயமாகத்தான் பட்டது. வேலை நடக்கும் முதல் டிஸ்க்கை, பேக்கப்புக்கென்று இருக்கும் இரண்டாவதன் மேல் நகலெடுக்கும் கட்டளையை அடித்தேன். என்டரைத் தட்டப்போன விரல் நின்றது. முதல் இடத்தில் மாட்டியிருப்பதைத்தானே எங்கள் பெட்டி முதல் டிஸ்க் என்று எடுத்துக்கொள்ளும்? இவர்கள் எதை எங்கே மாட்டித் தொலைத்தார்களோ!

டிஸ்க்குகளில் எழுதியிருக்கும் அடையாள எண்ணைப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே எண்! இன்னும் குழம்பினேன். ஒன்று மற்றதன் பழைய நகல், எண்ணும் சேர்ந்தே நகலாகியிருக்கிறது என்பது மெல்லத்தான் உறைத்தது. இரண்டாவதைத் திறந்தேன். என் படங்கள் அத்தனையும் அங்கே இருந்தன. என்டரைத் தட்டியிருந்தால் பழைய நகல் அவற்றின் மேல் ஏறி எல்லாம் அழிந்திருக்கும்.

டிஸ்க் தயாரித்த கம்பெனி பொறித்த தொடர் எண் மட்டும்தான் நகலாகாது. என் படங்கள் இருந்த டிஸ்க்கின் எண்ணைத் திரையில் பார்த்துக் குறித்துக்கொண்டு, பெட்டியை அணைத்து டிஸ்க்கை உருவினால், ஸ்டிக்கரில் சரியாக அந்த எண்ணின் மேல் குங்குமம்.

"பொட்ட அழிக்காதக்கா!" என்றாள் ஆபரேட்டர்.

அழித்தேன். இடம் மாற்றி மாட்டினேன். இனி அந்தத் தொடர் எண்ணைத் தேடித்தான் எழ வேண்டும் என்று பூட் அமைப்பிலும் எழுதி வைத்தேன்.

லைன் ஓடியது. விரிசல் விட்ட கீல் வந்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது.

"பாத்தியா? பேக்கப் எடுன்னு சொன்னேன், எடுத்த, சரியாயிடுச்சி" என்றார் சூப்பர்வைசர்.

"ஆமா சார்" என்றேன். என்டரைத் தட்டாத விரலில் குங்குமம் இன்னும் ஒட்டியிருந்தது.